குமிழியை முந்தாமல்

நாயுடுபுரம் கேஸ் ஏஜென்சியில்
பதினேழு வருடமாகச் சிலிண்டர் எண்ணுகிறேன்.
நிறைந்தது இந்தப் பக்கம், காலி அந்தப் பக்கம்.
காசிமாயன் தோளில் ஏற்றும்போது
இடுப்பு எங்கே வளையும் என்பதுவரை தெரியும்.
ஒன்றை என் முதுகில் கட்டிக்கொள்வேன் என்று
நினைத்ததில்லை.

சீட்டு விழுந்தது. போனேன்.
ஏன் என்றார்கள். இன்னும் யோசிக்கிறேன்.

தூத்துக்குடித் துறையில் ஏறி ஐந்து இரவு.
படகிலேயே சோறு, படகிலேயே தூக்கம்,
நாளைக்கு மூன்று தடவை கடலுக்குள்.
விடியுமுன் காயாத ரப்பர் உடுப்பை இழுத்து மாட்டுகையில்
மலைக்குளிரில் பிறந்த எனக்கே பல் கிட்டியது.
டெல்சன் பர்னாந்து, என்னைவிட இருபது வயது சின்னவன்,
அதிகம் பேசமாட்டான்:
"மூச்ச அடக்காதீங்கக்கா.
முள்ளு அம்பதத் தொட்டா சொல்லுங்க.
ஏறும்போது ஒங்க குமிழிய முந்திராதீங்க."

பவளத்திட்டு பார்த்தேன்.
எல்லோரும் சொல்வதுபோலத்தான் இருந்தது.
நான்காம் நாள்தான் அந்தக் கப்பல்,
பதினெட்டு மீட்டரில், ஒருக்களித்துப் படுத்தபடி.
சிமென்ட் ஏற்றி வந்ததாம்.
சாக்கு மட்கிப்போயிருக்கிறது. சிமென்ட்
சாக்காகவே கல்லாகி
அடுக்குக் குலையாமல் இருக்கிறது:
தையல் போட்ட வாய், பிதுங்கிய மூலை,
தூக்கியவன் கை அழுந்திய குழி.
இடுக்கிலிருந்து ஒரு களவா மீன் என்னை முறைத்தது,
ரசீது இல்லாமல் வந்தவளைப்போல.
நான் எண்ணத் தொடங்கிவிட்டேன்.
குறுக்கே பதினொன்று, உயரம் ஏழு,
பின்வரிசை இருட்டு.
டெல்சன் என் மீட்டரைத் தட்டிக் காட்டினான். எழுபது.
இருப்புச் சரிபார்க்காமல்
நான் வெளியே வந்த முதல் குடோன் அது.

கடைசியாக மூழ்கி எழுந்தது சனிக்கிழமை காலை பத்துக்கு.
ரத்தத்தில் நைட்ரஜன் கரைந்திருக்கும்,
ஒரு முழுநாள் உயரம் ஆகாது.
ஞாயிறு பூசை முடிந்ததும் நாத்தனார் மகள் ஷைனிக்கு ஒப்பந்தம்.
"வத்தலக்குண்டு வரைக்கும் வந்துட்டு மேல வர முடியாதா?
மலைக்கும் கடலுக்கும் என்னடி சம்பந்தம்?"
"சோடா பாட்டிலத் தெறந்த மாதிரி ஆயிரும் மதினி."
"ஒனக்குத்தான் எல்லாம் ஆகும்."
வைத்துவிட்டாள்.

லாட்ஜில் மூன்றாம் நம்பர் அறை.
கடகடவென்று மின்விசிறி.
ஜன்னல் முழுக்க என் மலை நின்றது,
உச்சியில் பொட்டுப் பொட்டாய் விளக்கு.
வீட்டைப் பார்த்துக்கொண்டே
வீட்டுக்குப் போகாமல் படுத்திருந்தேன்.
நன்றாகத் தூங்கினேன் என்பதை
இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் பத்தேகால் பஸ்.
டிரைவருக்குக் குமிழியைப் பற்றி யாரும் சொல்லவில்லை.
டம்டம் பாறையில் ஒரு காது அடைத்தது,
இன்னும் மேலே மறுகாது.
ஊத்தில் டீக்கு நிறுத்தினான், பத்து நிமிடம்.
எல்லோரும் இறங்கினார்கள்.
மேல்மட்டத்துக்கு ஐந்து மீட்டர் கீழே
கயிற்றைப் பிடித்துத் தொங்கியதுபோல
நான் மட்டும் கம்பியைப் பிடித்தபடி இருந்தேன்.
பக்கத்து சீட்டுப் பையன் மடியில் சிப்ஸ் பாக்கெட்
வளைவுக்கு வளைவு வீங்கி வந்தது.
பெருமாள்மலையில் அது தலையணை.
"ஒடைஞ்சிருமா?" என்றான்.
தெரியவில்லை என்றேன்,
என் முழங்கையைத் தடவிப் பார்த்துக்கொண்டு.

போய்ச் சேர்ந்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.
எனக்கென மூடிவைத்த பிரியாணி ஆறிப்போயிருந்தது.
ஷைனி மோதிரத்தைக் காட்டினாள்.
"கடலுக்குள்ள என்ன பாத்தீங்க அத்தை?"
"சிமென்ட் மூட்டை."
பொய் என்று நினைத்துச் சிரித்தாள்.

இரண்டு நாள் கழித்துச் சமையலறையில் பையைக் கொட்டினேன்.
படகில் பாதி குடித்து மூடிய தண்ணீர் பாட்டில்
உப்பி, விறைத்து, நிற்க மறுத்து உருண்டது.
மூடியைத் திருகினேன்.
ஸ்ஸ்…
அவ்வளவுதான். கடல்மட்டத்துக் காற்று, ஒரு மூச்சு,
அடுப்புக்கும் மிக்ஸிக்கும் நடுவே.

சிலிண்டர் இறக்க வந்த காசிமாயன்
வாசலிலேயே நின்றுவிட்டான்.
"அக்கா, கேஸ் லீக்கா?"